காவலில் மரணம்: குடும்பத்துக்கு அரசு தரும் நட்ட ஈடு

காவல் நிலையத்துக்கு உயிரோடு அழைத்துச் செல்லப்பட்ட ஒருவர் உயிரற்ற உடலாக வெளியே வரும்போது அவருடைய குடும்பத்தினர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இதைச் செய்தவர் யார் என்பது ஒன்று. இனி இந்த வீடு எவ்வாறு நடக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காண வேண்டியது குற்றவியல் நீதிமன்றம். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். விடை கிடைக்காமலே போகவும் கூடும். இரண்டாவது கேள்வி அடுத்த மாதத்து அரிசியையும் வாடகையையும் பற்றியதாதலால் அது அவ்வளவு காலம் காத்திருக்காது. இவ்விரு கேள்விகளையும் தனித்தனியே பிரித்து, இரண்டாவதற்கு அரசே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு இந்தியச் சட்டம் வந்து சேர்ந்தது 1980ஆம் ஆண்டுகளுக்குப் பிறகுதான். இந்தப் பிரிவினை ஏன் இன்றியமையாதது என்பதைத் திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

உதயகுமார் வழக்கு

2005ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், திருவனந்தபுரம் ஸ்ரீகண்டேசுவரம் பூங்காவில் இருந்த உதயகுமார் என்ற இளைஞரைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். கூலி வேலை செய்து வந்த அவருடைய கையில் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகமான தொகை இருந்தது. அது ஐயத்துக்கு இடமளித்ததாகக் கூறப்பட்டது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகிலுள்ள கோட்டை காவல் நிலையத்துக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அன்றிரவே இறந்தார். தொடைகளின் மீது இரும்புக் குழாயை அழுத்தி உருட்டிச் சித்திரவதை செய்தனர் என்பது குற்றச்சாட்டு. கேரளப் பத்திரிகைகள் இந்த வழக்கைப் பற்றி எழுதும்போது ‘உருட்டல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தின.

விசாரணை தொடங்கிய பிறகு முக்கிய சாட்சி பிறழ்ந்தார். இறந்தவரின் தாயார் தொடர்ந்து முயன்றதன் பயனாக 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. 2018 ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்திலுள்ள சி.பி.ஐ. தனி நீதிமன்றம் இரு காவலர்களுக்கு மரண தண்டனையும், சான்றுகளை அழித்ததாகவும் சதி செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்ட வேறு மூவருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. ஏழாண்டுகளுக்குப் பின், 2025 ஆகஸ்ட் 27ஆம் நாள், கேரள உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிய நீதிபதிகள், சி.பி.ஐ. நடத்திய புலன்விசாரணையின் குறைபாடுகளையும் கடுமையாகச் சுட்டிக்காட்டினர்.

குற்றவியல் சட்டத்தின் கண்ணோட்டத்தில் இத்தீர்ப்பு விதிமுறைக்குப் புறம்பானதன்று. இன்னார்தான் செய்தார் என்று உறுதியாக நிலைநாட்டப்படாத எவரையும் தண்டிக்க இயலாது. காவலருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் அவர் பிடித்துச் செல்லப்பட்டது உண்மை, காவலில் இருந்தது உண்மை, இறந்ததும் உண்மை. இருபது ஆண்டுகள் கடந்தபின் குற்றவாளி என்று சட்டம் சுட்டக்கூடியவர் யாருமில்லை. குடும்பத்துக்கு உரிய நட்ட ஈடு குற்றத் தீர்ப்போடு பிணைக்கப்பட்டிருக்குமானால், தண்டனை விழுந்தபோது அதற்கும் உயிர் விழுந்திருக்கும். நட்ட ஈட்டுச் சட்டம் கேட்பது வேறொரு கேள்வி: இவர் இறந்த நேரத்தில் யாருடைய பொறுப்பில் இருந்தார்? அதற்கு விடை கூறச் சாட்சிகள் பலர் தேவையில்லை. காவல் நிலையத்துப் பதிவேடே போதும்.

மீரட் தங்கமும் முசாஃபர்பூர் கைதியும்

இக்கருத்து எளிதில் ஏற்கப்பட்டதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், அரசின் இறைமை சார்ந்த பணிகளில் ஊழியர் இழைத்த தவறுகளுக்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்ற கொள்கை நிலவியது. விடுதலைக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. 1947இல் மீரட் நகரில் ஒரு வணிகரைக் கைது செய்து, அவரிடமிருந்த தங்கத்தைக் காவல்துறை கைப்பற்றியது. பொருளைக் காத்து வந்த தலைமைக் காவலர் அத்தங்கத்துடன் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்துள்ள இவ்வழக்கில், 1964ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. கைது செய்தலும் பொருளைக் கைப்பற்றுதலும் இறைமை சார்ந்த பணிகள் என்பதே காரணம். இந்நிலை திருப்தியளிப்பதாக இல்லை, சட்டமன்றங்கள் சட்டம் இயற்ற வேண்டும் என்று நீதிமன்றமே கூறியது. சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 1956இல், இதை வலியுறுத்தியிருந்தது. 1960ஆம் ஆண்டுகளில் மசோதாக்களும் கொண்டுவரப்பட்டன, அவை சட்டமாகவில்லை.

நாடாளுமன்றம் திறக்காத கதவை நீதிமன்றம் வேறு பக்கமாகத் திறந்தது. பீகார் மாநிலத்தில் ருதுல் ஷா என்பவர் 1968இல் விடுதலை செய்யப்பட்ட பின்னரும் 1982 வரை, பதினான்கு ஆண்டுகள், முசாஃபர்பூர் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றிய அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு மீறப்பட்டுள்ளது. அதைக் கண்டித்து விடுதலை செய் என்று சொல்வதுடன் நின்றுவிட்டால் அப்பிரிவுக்குப் பொருளே இராது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் கருதியது. ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் தருமாறு அரசுக்கு ஆணையிட்டது. தொகை சிறியது, ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்குப் பணத்தால் ஈடு செய்ய அரசு கடமைப்பட்டது என்ற வழி பிறந்தது.

ஒரு தாயின் கடிதம்

இந்த வழி முழு உருப்பெற்றது நீலாபதி பெஹரா வழக்கில். ஒரிசா மாநிலத்தில் 1987 டிசம்பர் 1ஆம் நாள் காவல்துறையினர் 22 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்துச் சென்றனர். மறுநாள் அவருடைய உடல் காயங்களுடன் இருப்புப் பாதையருகே கிடந்தது. தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டார் என்றது காவல்துறை. தாயார் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவே மனுவாக ஏற்கப்பட்டது. 1993 மார்ச் 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது.

அடிப்படை உரிமை மீறலுக்காக உச்ச நீதிமன்றம் 32ஆவது பிரிவின் கீழும், உயர் நீதிமன்றங்கள் 226ஆவது பிரிவின் கீழும் வழங்கும் நட்ட ஈடு பொதுச் சட்டத்தைச் சார்ந்தது. அது கடுமையான பொறுப்பை அடிப்படையாகக் கொண்டது. இறைமை என்ற கேடயம் அங்கே செல்லாது என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். காவலில் இருந்தவர் எப்படி இறந்தார் என்பதை விளக்கும் சுமை அரசினுடையது. இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடரும் உரிமையும் குடும்பத்துக்கு எஞ்சியிருக்கிறது. உரிமையியல் வழக்கிலும் இறைமைக் கொள்கை நிலைக்கவில்லை. ஆந்திரத்தில் ஒரு கிளைச் சிறையில் 1977இல் வெளியார் குண்டு வீசிக் கைதி ஒருவர் இறந்த வழக்கில், அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீலாபதி பெஹரா வழக்கில் தொகை எவ்வாறு அமைந்தது என்பது பொருளாதார மாணவர் கவனிக்கத்தக்கது. இறந்தவரின் மாத வருமானம் 1,200 முதல் 1,500 ரூபாய் வரை என்று கொள்ளப்பட்டது. நிர்ணயிக்கப்பட்ட ஈடு 1,50,000 ரூபாய். இத்தொகையைத் தாயாரின் பெயரில் மூன்றாண்டுக் கால வைப்பாக வங்கியில் இட்டு, வட்டியை அவருக்குத் தந்து, தவணை முடிந்தபின் முதலை வழங்க வேண்டும் என்றும், மாவட்ட ஆட்சியர் இதை நிறைவேற்றி அறிக்கை அளிக்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. ஒரே நாளில் கைக்கு வரும் பெரும் தொகை கடன்காரரிடமும் உறவினரிடமும் கரைந்துபோவதை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வர்.

அந்த 1,50,000 ரூபாய் எவ்வளவு நியாயமானது? மாத வருமானத்தை நடுவாக 1,350 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 16,200 ரூபாய். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வருமானம் ஈடாக அளிக்கப்பட்டது. சாலை விபத்துகளில் இழப்பீட்டைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறை வேறு. சுயமாக உழைக்கும் இளைஞரின் வருமானத்துடன் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். மணமாகாதவராயின் சொந்தச் செலவாகப் பாதியைக் கழிக்க வேண்டும். 22 வயதுக்குரிய பெருக்கெண் 18. இதே வருமானத்துக்கு இம்முறையில் கணக்கிட்டால் 2,04,120 ரூபாய் வருகிறது. ஈமச் செலவு முதலியன தனி. காவலில் இறந்தவரின் உயிருக்கு லாரி மோதி இறந்தவரின் உயிரைவிடக் குறைந்த மதிப்பு என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆனால் விபத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. காவல் மரணத்துக்கு இல்லை. ஆகவே தொகை வழக்குக்கு வழக்கு, மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

மூன்று வழிகள், ஒரு நகரம்

ஈடு பெறுவதற்கான வழிகள் பல. அவற்றுள் மூன்றை ஒரே வழக்கில் காண வேண்டுமானால் மீண்டும் திருவனந்தபுரத்துக்கே வர வேண்டும். அது மரண வழக்கன்று. விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனின் வழக்கு. உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1994 நவம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று 1996இல் சி.பி.ஐ. அறிக்கை அளித்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2001 மார்ச்சில் பத்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரப் பரிந்துரைத்தது. மாநில அரசு அதை எதிர்த்து வழக்காடியது. பணம் தரும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2012இல். 2018 செப்டம்பர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பொதுச் சட்டத்தின் கீழ் 50 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அவர் தொடர்ந்திருந்த உரிமையியல் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டு 2020இல் மாநில அரசு மேலும் ஒரு கோடியே 30 லட்சம் ரூபாய் தந்தது.

ஆணையம், அரசியல் சட்ட நீதிமன்றம், உரிமையியல் நீதிமன்றம் ஆகிய மூன்று கதவுகளும் திறந்தன. ஆனால் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவர் கல்வியும் புகழும் வாய்ந்தவர்; தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க உயிரோடு இருந்தவர். கூலித் தொழிலாளியின் தாயோ மனைவியோ இத்தனை வாயில்களையும் ஏறி இறங்குவது எளிதன்று.

ஒவ்வொரு வழிக்கும் கால வரம்பு உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பின் ஆணையம் அதை விசாரிக்க இயலாது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ்ச் சார்ந்திருந்தோர் வழக்குத் தொடர இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம். அரசின் மீது வழக்கென்றால், பொதுவாக அதற்கு முன் இரண்டு மாத அறிவிப்பும் தர வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இரண்டாண்டு விரைவில் ஓடிவிடும்.

நான்காவது வழி ஒன்றும் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் வகுக்க வேண்டும் என்ற அந்த விதி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவாக உள்ளது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று விசாரணை நீதிமன்றம் கருதினால் ஈடு தரப் பரிந்துரைக்கலாம் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. குற்றவாளி யாரென்று அறியப்படாமல் விசாரணையே நடைபெறாத நிலையில், சார்ந்திருந்தோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரே விண்ணப்பிக்கலாம். திருவனந்தபுரத்தில் மாவட்ட ஆணைக்குழு இயங்குவது வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில். கட்டணம் செலுத்தி வழக்கறிஞர் வைக்க இயலாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுவே.

கருணையா, கடனா?

நடைமுறையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் வந்து சேர்வது நீதிமன்ற ஆணையன்று, அமைச்சரவையின் முடிவு. 2018 ஏப்ரலில் எர்ணாகுளம் மாவட்டம் வராப்புழையில் ஆள் மாறிப் பிடிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட இளைஞர் ஒருவர் இறந்தபோது கேரள அரசு அவருடைய குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாயும் மனைவிக்கு அரசுப் பணியும் அளித்தது. 2019இல் இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டம் வழக்கில் 16 லட்சம் ரூபாயும் மனைவிக்கு வேலையும் அளிக்க முடிவாயிற்று. தமிழ்நாட்டில் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி இறந்த வழக்கில், அரசு தந்த ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் 25 லட்சம் ரூபாய் இடைக்கால ஈடாகத் தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

விரைந்து உதவி கிடைப்பது வரவேற்கத்தக்கதே. அரசுப் பணி ஒரு குடும்பத்துக்கு வைப்புத் தொகையைவிட உறுதியான ஆதரவு என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அரசாணையில் ‘கருணைத் தொகை’ என்ற சொல் இடம்பெறும்போது பொருள் மாறிவிடுகிறது. கருணையைக் கேட்டுப் பெற முடியாது. குறைவென்று முறையிடவும் முடியாது. பத்திரிகைகள் எழுதிய மரணத்துக்கு அது கிடைக்கும்; எவரும் எழுதாத மரணத்துக்குக் கிடைக்காது. 1979இல் குடியுரிமைகள், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்ட விரோதக் கைதுக்கு ஈடு பெறும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை என்று இந்தியா ஒரு விலக்கைப் பதிவு செய்தது. அந்த விலக்குக்கு இனி பொருளில்லை என்று 1996 டிசம்பர் 18ஆம் நாள் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உரிமை என்று நீதிமன்றம் கூறியதை அரசாணை கருணை என்று குறிப்பிடுவது பொருந்தாது.

நிதிப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டவும் இடமில்லை. 2017 ஏப்ரல் முதல் 2022 மார்ச் முடிய ஐந்தாண்டுகளில் நாடெங்கும் 669 காவல் நிலைய மரணங்கள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் பதிவாயின என்று மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. இறுதி ஆண்டில் மட்டும் 175. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மடப்புரம் வழக்கைப்போல் 25 லட்சம் ரூபாய் தந்திருந்தாலும் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து 167 கோடி ரூபாயே ஆகும். அனைத்து மாநிலங்களுக்கும் பகிர்ந்தால் ஆண்டொன்றுக்கு ஒரு மாநிலத்தின் பங்கு மிகச் சிறிது.

உண்மையில் கவலைக்குரியது தொகையின் சிறுமையே எனலாம். இத்தொகை மாநிலத்தின் பொதுக் கருவூலத்திலிருந்து, அதாவது வரி செலுத்துவோரிடமிருந்து செல்கிறது. தவறு நேர்ந்த காவல் நிலையமோ மேற்பார்வை அதிகாரியோ அதன் சுமையை உணர்வதில்லை. சுமை தெரியாத இடத்தில் எச்சரிக்கையும் குறைவது பொருளாதாரத்தின் பாலபாடம். தவறிழைத்தவரிடமிருந்து தொகையை வசூலிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று டி.கே. பாசு தீர்ப்பு கூறுகிறது. அந்த உரிமை பயன்படுத்தப்படுவது அரிது. இலங்கையின் உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்குகளில் ஈட்டின் ஒரு பகுதியை அரசும் மற்றொரு பகுதியை அதிகாரியே தம் கைப்பணத்திலிருந்தும் தர வேண்டும் என்று ஆணையிடும் வழக்கம் உள்ளது. காவலில் சித்திரவதையால் இறந்தவரின் மனைவியும் குழந்தையும் அவருக்காக வழக்குத் தொடரலாம் என்பதையும் அந்நீதிமன்றம் 2003இல் ஸ்ரீயானி சில்வா வழக்கில் ஏற்றது. இந்தியாவிலோ, சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டும் இன்னும் அது ஏற்புறுதி செய்யப்படவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியாயிற்று. சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில், 2017இல், புதியதொரு வரைவை அளித்தது. அது ஈடு வழங்கும் விதியையும் கொண்டிருந்தது.

முதல் நாளின் பதிவுகள்

எந்த வழியில் சென்றாலும் ஈடு கோருவோருக்கு அடிப்படை, மரணம் நிகழ்ந்த முதல் நாளின் ஆவணங்களே. காவல் மரணம் எதுவாயினும் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு மாவட்ட அதிகாரிகள் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 டிசம்பர் முதல் உள்ள அறிவுறுத்தல். காவல்துறை விசாரணைக்குப் புறம்பாக நடுவர் ஒருவர் தனி விசாரணை நடத்த வேண்டும் என்பது 2006 முதல் கட்டாயம். உறவினருக்குத் தெரிவித்து, அவர்கள் உடனிருக்க அந்த விசாரணையில் இடமளிக்க வேண்டும். உடலையும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காவல் நிலையங்களில் படக்கருவிகள் பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்குமாறு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கைதுக் குறிப்பு, நிலையப் பொது நாட்குறிப்பு, மருத்துவரின் காயச் சான்று, நடுவரின் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் குடும்பத்தின் கையில் உரிய காலத்தில் கிடைத்தால், உயர் நீதிமன்றத்தில் ஈடு கோரும் மனு சில மாதங்களில் முடியக்கூடியது. அவை கிடைக்காவிடில் அதே மனு சாட்சி விசாரணைக்கு உரியதென்று உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். இரண்டாண்டுக் கெடுவும் இதற்குள் கடந்திருக்கும். இந்நகல்களைத் தாமே முன்வந்து தருமாறு மாவட்ட ஆட்சியருக்கும், கேட்காமலே குடும்பத்தை அணுகுமாறு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மாநில அரசு ஒரு சுற்றறிக்கை மூலம் அறிவுறுத்தலாம். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.